அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

எண்பதுகளின் கடைசியில், நாமக்கல்லில் இருந்த அப்பாவின் லாரி புக்கிங் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பெங்களூரில் நான் வேலை பார்த்த கம்பெனியின் மெஷின் அது. புரோகிராம்களுக்கு மெமரியைப் பங்கு போட்டுக் கொடுக்கும் கெர்னலில் ஒரு பகுதி நான் எழுதியது. பொண்ணு என்ன கிழிக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்றுதான் அப்பா வாங்கினார். பெரியப்பாவோ, பெட்டி ஒழுங்காக ஓடாவிட்டால் நான் வேலையை விட்டுவிட்டு வீடு வந்து சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஓடியது. அப்புறம் உளற ஆரம்பித்தது. லீவு போட்டு ஓடி வந்தேன். விஜயவாடா லோடு நாக்பூர் வண்டியின் பேரில் திரையில் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, நானு நாக்பூருங்களா, விஜயவாடாங்களா? ஒண்ணு சொல்லிப்போட்டா கெளம்பிருவனுங்க."

பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெங்களூரில் ஒருநாள்கூட இப்படி நடக்கவில்லையே! அணைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று சுவிட்சில் கை வைத்தேன். அப்பா பதறிவிட்டார்.

"தொடாத அம்மிணி! விசயதசமிக்கு நல்ல நேரம் பாத்துப் போட்டது. தீவாளி வரைக்கும் அணைக்கப்படாது."

புது லாரிக்குப் பண்ணுவதையெல்லாம் பெட்டிக்கும் பண்ணியிருந்தார். கரண்ட் போனாலும் நிற்காதபடி லாரி பேட்டரி வேறு. கடவுளே!

அப்போதுதான் பிடிபட்டது. பெங்களூரில் சாயங்காலமானால் அணைத்துவிட்டுப் போய்விடுவோம். இங்கே ஓயாமல் ஓடி மெமரி நிரம்பிவிட, கெர்னல் பக்கங்களை, அதாவது மெமரியின் துண்டுகளை, இடம் மாற்றிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று அது ஓர் அட்டவணை வைத்திருக்கும். பக்கம் இடம் மாறினால் அட்டவணைப் பதிவையும் மாற்ற வேண்டும். பிராசசரோ அடிக்கடி தேவைப்படும் பதிவுகளை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளும். நான் முதலில் அதை மறக்கச் சொல்லிவிட்டு, பிறகு பதிவை மாற்றியிருந்தேன். நடுவில் வேறு வேலை குறுக்கிட்டால் பழைய பதிவையே மறுபடி படித்துத் தொலைக்கிறது. பழைய இடத்திலோ வேறு லாரியின் விவரம். அப்புறம் உளறாமல் என்ன செய்யும்? பழைய பதிவை முதலில் செல்லாததாக்கி, பிறகு மறக்கடித்து, அதன் பிறகுதான் புதியதை எழுத வேண்டும்.

திருத்தி எழுதிவிட்டேன். ஆனால் ஒருமுறை அணைத்துப் போட்டால்தானே அது வேலைக்கு வரும்? கெஞ்சினேன், கத்தினேன். அப்பா நிதானமாகக் காலண்டரைப் பார்த்தார். "ராகுகாலம் முடியட்டும்" என்றார். தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது முடிந்ததும் அப்பாவே அணைத்துப் போட்டார்.

தீபாவளி வரை பெட்டி ஒரு தப்பும் பண்ணவில்லை. "சும்மா சொல்லப்படாது, நல்லாத்தான் ஓடுது" என்று பெரியப்பாவே ஒப்புக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று பெங்களூருக்குப் பையைத் தூக்கினேன். அப்பா பெருமை பொங்க அதை வாங்கிக் கீழே வைத்தார்.

"இத்தனை தெரிஞ்ச புள்ளைய எதுக்கு வெளியூருக்கு அனுப்போணும்? ஊட்டுலயே இருந்து இதைப் பாத்துக்க சாமி."

ஓடாவிட்டாலும் வீடு, ஓடினாலும் வீடு! பையைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.