கழுவிய பம்ப்

அண்ணையின் வீட்டுக் கதவு காற்றில் அடித்துச் சாத்தாமலிருக்க ஓர் இரும்புத் துண்டை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார். நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அது ஒரு பம்பின் ஓடு. வருகிறவர்கள் அதில் காலை இடித்துக்கொண்டு முணுமுணுப்பார்கள். நான் எப்போதும் சுற்றித்தான் போவேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர்நாட்டில், சென்ட் லோரன்ட் என்ற இடத்தில் ஒரு கிடங்கில் அவருக்குக் கீழே வேலை செய்தேன். கடலில் எண்ணெய் கொட்டினால் அள்ளுவதற்கான மிதவைகள், பஞ்சுப் பாய்கள், பம்புகளை வாடகைக்கு அனுப்பும் கொம்பனி. அண்ணை மன்னார்க்காரர், மீன்பிடிக் குடும்பம். கடலுக்குப் போய்வந்த எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓட்டிக் கழுவுவது அவருக்கு ஞாயிறு பூசை மாதிரி, தவறவே கூடாது. "உப்பு இரும்பைத் தின்னுமடா, தண்ணிதான் காப்பாத்தும்" என்பார். எங்கள் பம்புகள் பளபளவென்றிருக்கும். முதலாளி அவற்றை வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். அண்ணைக்குத் தலைகால் புரியாது.

ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் வடக்கே தொலைதூர விரிகுடா ஒன்றில் சரக்குக் கப்பல் மூழ்கியது. டீசல் கசிந்து மேலே வந்துகொண்டிருந்தது. கரையில் அந்தக் கடலையே நம்பிய ஒரு சிறிய ஊர். கடல் உறைவதற்குள் அள்ளினால்தான் உண்டு. உறைந்தபின் எண்ணெய் பனிக்கட்டிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். எங்களிடம் அப்போது கையிருப்பில் இருந்தது ஒரே ஒரு பெரிய பம்ப். அண்ணை அதை ஓட்டிப் பார்த்து, வழக்கம்போலக் கழுவி, தானும் கூடவே புறப்பட்டார். "மீன் பிடிக்கிற சனம். நான் போகாமல் ஆர் போறது?" என்றார்.

கழுவியதுதான் வினையாயிற்று. மன்னாரில் எஞ்சினுக்குள் தங்கும் தண்ணீரை வெயில் பார்த்துக்கொள்ளும். இங்கே அடிமூடியைக் கழற்றி ஒட்ட வடிக்கவேண்டும். அவருக்கு அது தெரியாததல்ல. அவசரத்தில் கை ஊர்ப் பழக்கத்திலேயே போய்விட்டது. வடக்கே விமானத்தளத்தில் வெட்டவெளியில் கிடந்த பம்புக்குள் தண்ணீர் உறைந்து அதன் இரும்பு ஓட்டைப் பிளந்தது. சூடு காட்டி இயக்கியபோது, ஊரே பார்த்து நிற்க, அது வெடிப்பு வழியே டீசலைத் துப்பிவிட்டு நின்றது. வேறு கொம்பனியிடம் வாங்கிய மாற்றுப் பம்பை ஏற்றிப் போன விமானம் பனிப்புயலில் இறங்க முடியாமல் திரும்பியது. புயல் ஓய்ந்தபோது விரிகுடா வெள்ளையாகிக் கிடந்தது.

திரும்பி வந்தவர் உடைந்த ஓட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஒரு மனிசி வந்து, இனி மீன் தின்னலாமோ எண்டு கேட்டவ. நான் சப்பாத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன்."

கப்பலின் வயிற்றில் கிடந்த எண்ணெய்க்கு முன்னால் ஒரு பம்ப் எம்மாத்திரம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மையால் அவருக்கும் ஆறுதல் இல்லை, அந்த ஊருக்கும் இல்லை. கப்பல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. கோடையில் பனி விலகினால் நீர் மேலே எண்ணெய் மினுங்குகிறதாம். அள்ளுவதற்கு இப்போது யாரும் போவதில்லை.

போன கிழமை நானும் கதவடியில் அந்த இரும்புத் துண்டில் காலை இடித்துக்கொண்டேன். குனிந்து எடுத்தேன். வெடிப்புக்குள் கறுத்த பிசுக்கு, விரலெல்லாம் ஒட்டியது.

"கழுவித் தரட்டோ அண்ணை?"

அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காணும், விடு. கழுவினது போதும்."