கல்லறை முன்னால் ஒரு கோபம்

தம்பி எலிக்காய்ச்சலில் போனான். மட்டாஞ்சேரியில் கடல் ஏறுகிற நாட்களில் வாய்க்கால் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்துவிடும். இங்கே அதற்கு வேலியேற்றம் என்று பெயர். அப்படி வந்த தண்ணீரில் நின்றுகொண்டு அம்மாவின் கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடியில் செங்கல் வைத்தான். காலில் ஒரு சின்னக் காயம் இருந்திருக்கிறது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆள் இல்லை. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா அழவில்லை. அடக்கம் முடிந்து வீடு திரும்பிய அன்றோடு, சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் வரவில்லை. எங்கள் தமிழ்ச் சபை சின்னது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து மிளகுக் கிடங்குகளுக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள், இப்போது கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வருகிறவர்கள், அவ்வளவுதான். யார் வரவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

போதகர் வீட்டுக்கு வந்தார். இளைஞர், நல்லவர், குரலை உயர்த்தத் தெரியாதவர்.

"துக்கப்படலாம்மா. ஆண்டவர் மேல கோபம் மட்டும் வரக்கூடாது. அது அவிசுவாசம்," என்றார்.

அம்மா அவர் கையில் சாயாவைக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அதற்குள் சபையிலும் பேச்சு கிளம்பிவிட்டது, அந்த அம்மா கடவுளோடு சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம் என்று. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பேசுகிறவர்கள் பேசட்டும். என் பயம் வேறு. வீட்டை விட்டால் அம்மாவுக்குச் சர்ச் ஒன்றுதான் உலகம். மகனும் போய், அதுவும் போய்விட்டால் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பாள்? தம்பியின் நாற்பத்தொன்றாம் நாள் ஆராதனைக்காவது எப்படியாவது கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அன்றைக்கு வேதபாடம் வாசிக்க என்னைச் சொல்லியிருந்தார்கள். லாசருவின் கதை. இறந்து நாலு நாளான சகோதரன், அழுகிற இரண்டு சகோதரிகள், தாமதமாக வந்து சேர்கிற இயேசு. வேண்டுமென்றே எனக்காகத் தேடி எடுத்தது போலிருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. நான் காயலுக்கு அக்கரையில், பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். போகும்போது படகில் உட்கார்ந்து போனில் வாசித்துப் பழகினேன். அழுகிறவர்களைப் பார்த்து இயேசு கலங்கினார் என்று தமிழில் இருந்தது. மலையாளத்தில் பார்த்தேன், உள்ளம் நொந்து கலங்கினார். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும்தான் கலங்கினார்கள், சாயா குடித்துவிட்டுப் போனார்கள். கலங்கி என்ன ஆகப்போகிறது? மூலத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று போனில் அந்தச் சொல்லைத் தொட்டுப் பார்த்தேன், தொட்டால் மூலச் சொல்லைக் காட்டும்.

எம்ப்ரிமாவோமாய். வாயில் நுழையாத கிரேக்கச் சொல். குதிரை மூக்கால் சீறுவதற்குப் பழைய கிரேக்கர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்களாம். புதிய ஏற்பாட்டில் ஐந்தே இடங்களில்தான் வருகிறது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். குஷ்டரோகியைச் சுகமாக்கி, யாரிடமும் சொல்லாதே என்று இயேசு அனுப்புகிற இடத்தில், தமிழில் கண்டிப்பு. பார்வை பெற்ற குருடர்களிடம் பேசும்போதும் கண்டிப்பு. விலை உயர்ந்த தைலத்தை அவர் தலையில் ஊற்றிய பெண்ணின் மேல் மற்றவர்கள் பாய்கிறார்களே, அங்கே முறுமுறுப்பு. மிச்சம் இரண்டும் லாசருவின் சாவில். மற்ற இடமெல்லாம் கடுகடுவென்று இருந்த சொல், சாவு நடந்த இடத்துக்கு வந்ததும் கலக்கமாகிவிட்டது. ஆண்டவருக்குக் கோபம் வந்தது என்று எழுத மொழிபெயர்த்தவர்களுக்குக் கை கூசியிருக்கும் போல.

வேலை முடிந்ததும் நேரே போதகரிடம் போய்க் கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

"ஆமாக்கா, கோபந்தான். யார் மேலங்கிறதுலதான் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அழுதவங்களோட அவிசுவாசத்து மேலன்னு சிலர். சாவு மேலேயேன்னு சிலர்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"சாவு மேலதான்," என்றார். "அம்மாகிட்ட நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்க்கா."

வீட்டில் அம்மா மத்தி கழுவிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். "அம்மா, அவருக்கே கோவம் வந்திருக்கு. கல்லறைக்கு முன்னால நின்னு சீறியிருக்காரு. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ."

அம்மாவின் கை நின்றது. "பிறகு ஏன் மோளே இத்தன காலமும் ஒருத்தரும் இத நமக்குச் சொல்லல்ல?"

கேட்டுவிட்டு மீனைக் கழுவி முடித்தாள். ஆனால் நாற்பத்தொன்றாம் நாள் காலையில், நான் கூப்பிடுவதற்கு முன்பே வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சர்ச்சுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு ஏறக்குறைய சந்தோஷமாக இருந்தது, தம்பியின் நாளில் சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது.

கலங்கினார் என்று வரும் இடத்தில், போதகரிடம் முன்பே அனுமதி கேட்டு வைத்திருந்தபடி, கோபத்தால் சீறினார் என்று வாசித்தேன். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அம்மா முகத்தை நிமிர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் நிற்பது அங்கிருந்தே தெரிந்தது. இத்தனை நாளும் வராத நீர். நான் தொடர்ந்து வாசித்தேன். கல்லறையை மூடிய கல்லை எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். அவர் உரத்த குரலில் லாசருவைக் கூப்பிடுகிற இடம் வந்தபோது அம்மா எழுந்தாள். யாரையும் பார்க்காமல் நடு வழியில் நடந்து வெளியே போய்விட்டாள். செத்தவன் கட்டுத்துணியோடு எழுந்து வருகிற வரியை எப்படி வாசித்து முடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

வெளியே செருப்புகள் கிடக்கிற படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னம்மா?"

"கோவம் வரைக்கும் நம்ம கதைதான் மோளே. பிறகு அவரு கூப்பிட்டாரு, அவன் எழும்பி வந்தான்," என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும் கூப்பிட்டேனே."