வெள்ளிக்கிழமையைத் திருப்பி வாங்கப் போனேன்

காலை 5.40. சேவூர் நிறுத்தத்தில் டவுன் பஸ் ஏறினேன். துணிப்பையில் ஒரு தண்ணீர் பாட்டில், நான்கு இட்லி, மூன்று பேருடைய விமான டிக்கெட்டின் நகல், ஒரு சின்ன நோட்டு. போக வேண்டிய இடம் சென்னை விமான நிலையம். ஆனால் விமானம் ஏறப் போகவில்லை. ஏறிப் பறந்தவர்கள் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். விமான நிலையம் வரை பஸ்ஸில் போய் வாசலோடு திரும்பியவள் எழுதுவது இது.

நான் பட்டுத் தறி நெய்கிறவள். என் வீட்டுக்காரர் குமரவேல், செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறார். அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அவருக்கு அமாவாசையும் ஒன்றுதான், மற்ற நாளும் ஒன்றுதான், ஷிப்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஊரை விட்டுப் போனதெல்லாம் கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும்தான். அதிலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவோம். மகள் தாரணி பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். அவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டால் மூவரும் ஒரே இடத்தில் நான்கு நாள் இருப்பது இனி எப்போது? அந்தமான் போகிறோம் என்று நான்தான் முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம், நாள் பார்ப்பதுதான் பாடு. தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைகள்தான் பாவு, ஒரு பாவில் மூன்று சேலை வரும். மூன்றாவது சேலையை அறுத்து எடுத்துவிட்டால், அதன் நுனியில் அடுத்த பாவை இழை இழையாக முடிந்து புணைக்கிற ஆள் வரும்வரை தறி சும்மா இருக்கும். அந்தச் சும்மா நாட்களை அமாவாசை வெள்ளிக்கிழமையோடு சேர்த்து, அதே வெள்ளி முதல் திங்கள் வரை அவருக்கு லீவும் வாங்க வைக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. விமானக் கம்பெனிக்கு அதைக் கலைக்க ஒரு மெசேஜ் போதுமாக இருந்தது. வெள்ளிக்கிழமை விமானம் இல்லையாம். எங்களை வியாழக்கிழமைக்கு மாற்றிவிட்டார்களாம்.

வியாழக்கிழமை அவர் கம்பெனியில் கண்டெய்னர் ஏற்றுகிற நாள். யாருக்கும் லீவு கிடையாது. என் தறியில் முகூர்த்தச் சேலை, முந்தானை முடிவதே வியாழன் சாயங்காலம். நானாவது எப்படியாவது முன்னாலேயே முடித்துவிடுவேன். அவர்?

“நீயும் தாரணியும் போயிட்டு வாங்க. நான் வூட்டப் பாத்துகினு இருக்கேன்,” என்றார்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பூட்டு இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. விமானக் கம்பெனியைப் போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்தார்களே தவிர ஒரு மனிதக் குரல் வரவில்லை. நேரில் போனால் எதிரே ஒரு முகமாவது இருக்கும், முகத்தோடு பேச எனக்குத் தெரியும். பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒரு நாள் நெசவை நிறுத்திவிட்டுக் கிளம்பினேன்.

காலை 6.10. ஆரணி பஸ் நிலையம். செய்யார், காஞ்சிபுரம் வழியாகச் சென்னை போகும் பஸ். பூந்தமல்லிக்கு நூற்றுப் பத்து ரூபாய். “ஜல்தி சில்லறை எடும்மா, பின்னாடி எல்லாம் ஐந்நூறு ரூபா நோட்டாவே நீட்டிகினு இருக்காங்க,” என்றார் கண்டக்டர். சரியாக எண்ணிக் கொடுத்தேன்.

காலை 7.20. செய்யாரில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஊர்க்காரி, காஞ்சிபுரத்தில் ஜவுளிக்கடையில் வேலையாம். எங்கே போகிறேன் என்று கேட்டாள், சொன்னேன்.

“ஏங்க்கா, நம்ம பஸ்ஸு டைம் மாத்துனா நாம போயி கேக்கறமா? ஒத்துகினு போவ வேண்டியதுதானே. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?”

“பஸ்ஸுக்கு நாலு மாசம் முன்னாடியே நாம காசு கட்டலியேம்மா.”

அவள் யோசித்துவிட்டு, “அதுவும் சரிதான். வுடாதீங்க,” என்றாள்.

பஸ் தொழிற்பேட்டையைத் தாண்டியது. சாலை நெடுக வெள்ளைக் கம்பெனி பஸ்கள் திரும்பிக்கொண்டிருந்தன. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆணும் பெண்ணும் வாயிலுக்குள் போனார்கள். என் வீட்டுக்காரர் வருகிற பஸ் எங்களுக்குப் பின்னால் எங்கோ வந்துகொண்டிருக்கும். உள்ளே நுழைந்ததும் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், சாப்பாட்டு நேரமான 12.30க்குத்தான் கையில் கொடுப்பார்கள். தினமும் கேட்கிற விஷயம்தான். அந்த வாயிலை நேரில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

காலை 10.05. பூந்தமல்லியில் இறங்கினேன். விமான நிலையத்துக்கு ஆட்டோக்காரர் நானூறு ரூபாய் என்றார், முந்நூற்று ஐம்பதுக்கு வந்தார்.

“எத்தினி மணிக்கு ஃப்ளைட்டும்மா? டிராஃபிக் இருக்குது, அதான் கேக்கறேன்.”

“அடுத்த வாரம்.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அப்போ நிதானமாவே போலாம்,” என்றார்.

காலை 11.00. விமான நிலையம் நான் நினைத்ததைவிடப் பெரியது. ஆனால் உள்ளே போக முடியாது, அன்றைய டிக்கெட் இருந்தால்தான் விடுவார்கள். வாசலுக்கு வெளியே, கண்ணாடிச் சுவரை ஒட்டி, கம்பெனிக்கு ஒன்றாக டிக்கெட் கவுன்ட்டர்கள் வரிசையாக இருந்தன. எங்கள் கம்பெனியின் கவுன்ட்டரில் முப்பது வயதிருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னால் ஆறு பேர்.

11.35க்கு என் முறை வந்தது. தறி, பாவு, கண்டெய்னர் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“மேடம், இந்த மாத்தத்தை நீங்க ஏற்கெனவே ஒத்துக்கிட்டீங்களே. மெசேஜ் அனுப்பின ரெண்டாவது நிமிஷமே அக்செப்ட் பண்ணியிருக்கீங்க.”

“நானா?”

“இந்த நம்பர்ல இருந்து.” என் வீட்டுக்காரர் நம்பர். டிக்கெட் போட்டது அவர் நம்பரில்தான்.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவர் கம்பெனியில் ஷிப்ட் மாறினால் போனுக்கு மெசேஜ் வரும். பத்து நிமிடத்துக்குள் ‘ஓகே’ போட வேண்டும், போடாவிட்டால் அன்று ஆப்சென்ட். பதினொரு வருடமாக அந்தக் கட்டைவிரல் வேறு எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. குழம்புக் கையோடு ஓகே போடுவார், பாதித் தூக்கத்தில் ஓகே போடுவார். ‘நேரம் மாற்றம்’ என்று பார்த்ததும் விரல் தானாகப் போயிருக்கிறது. விமானக் கம்பெனிக்குத் தெரியுமா இது எங்கள் வீட்டு வியாதி என்று?

“ஒத்துக்கிட்ட பிறகு மாத்தணும்னா கட்டணம் வரும் மேடம்,” என்று ஒரு தொகை சொன்னாள். அந்தத் தொகைக்கு இன்னொரு முறை டிக்கெட்டே வாங்கிவிடலாம்.

ஓரமாக வந்து நின்றேன். அவமானமாக இருந்தது, அவர்மேல் ஆத்திரமாகவும் இருந்தது. ஆனால் பாவில் ஒரு இழை அறுந்தால் தறியைத் திட்டி என்ன ஆகப்போகிறது? குனிந்து எந்த இழை என்று தேடத்தான் வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு நோட்டை எடுத்தேன். வந்த மெசேஜ்களை நாள், நேரம் தவறாமல் அதில் எழுதி வைத்திருந்தேன். மொத்தம் இரண்டு. முதலாவதில் வியாழன் காலை 10.40. போன ஞாயிற்றுக்கிழமை வந்த இரண்டாவதில், அதே வியாழன், ஆனால் பிற்பகல் 3.15. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் போன் தாரணியிடம் இருந்தது. அவர் விரல் அதன் பக்கம் போகவே இல்லை.

திரும்பவும் வரிசையில் நின்றேன்.

“மொதல்ல வந்ததுக்கு அவரு ஒத்துகினாருங்க, இல்லேன்னு சொல்லல. அதுக்கப்பறம் நீங்க மறுபடியும் டைம் மாத்துனீங்களே, அதுக்கு யாரு ஒத்துகினது?”

அவள் தட்டினாள். உள்ளே யாரையோ கூப்பிட்டுப் பேசினாள். மறுபடி தட்டினாள். பிறகு முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. “கரெக்ட் மேடம். அதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. அப்படின்னா கட்டணம் இல்லாம வேற தேதிக்கு மாத்திக்கலாம். வெள்ளிக்கிழமை நேர் விமானம் இல்ல. காலைல 9.20க்குக் கிளம்பி, பெங்களூர்ல மாறி, 3.35க்குப் போய்ச் சேரலாம். நாலு சீட் இருக்கு.”

“மூணு போதும்,” என்றேன்.

மணி 12.08. ஒப்புதல் கேட்டு அவர் நம்பருக்கு லிங்க் அனுப்பினாள். முப்பது நிமிடத்துக்குள் அமுக்க வேண்டுமாம், தவறினால் சீட்டுக்கு உத்தரவாதம் இல்லையாம். போன் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. வேண்டாதபோது ரெண்டாவது நிமிடத்தில் அமுக்கின மனுஷனை, வேண்டும்போது இருபத்திரண்டு நிமிடம் பிடிக்க முடியாது! தூணைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

12.33க்குப் போனை எடுத்தார்.

“வெள்ளிக்கிழமை கெடச்சிடுச்சிங்க. ஒரு மெசேஜ் வந்துகீதா பாருங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, அந்த மொத மெசேஜுக்கு ஓகே போட்டது நீங்கதானே?”

“ஐயய்யோ. ஷிப்ட் மெசேஜ்னு நெனச்சி… நாந்தானா வனஜா?”

“நீங்கதான். இப்போ அமுக்குங்க.”

“இரு. படிச்சிட்டு அமுக்கறேன்.”

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, அதுவும் ஐந்தே நிமிடம் மிச்சமிருக்கும்போது, அந்த மனுஷன் ஒரு மெசேஜை முழுசாகப் படித்தார். வாய்விட்டு, எழுத்துக் கூட்டி. என் பெயர், தாரணி பெயர், அவர் பெயர், பெங்களூர், கீழே இருக்கிற நிபந்தனை வரைக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை.

“வெள்ளிக்கிழமைதானே?”

“வெள்ளிக்கிழமைதாங்க!”

12.36. கவுன்ட்டர் பெண் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நான்கு இட்லியையும் சாப்பிட்டேன். தலைக்கு மேல் ஒரு விமானம் ஏறிப் போனது. உள்ளே இருப்பவர்களுக்கும் யாராவது நாளை மாற்றியிருப்பார்கள், பாதிப் பேர் ஓகே போட்டுவிட்டு வந்திருப்பார்கள் என்று தோன்றியது. எங்கள் தறியில் நான் எண்ணாமல் ஒரு இழைகூட நகராது. இங்கே ஆயிரம் பேருடைய நாளை ஒரே வரியில் நகர்த்திவிடுகிறார்கள். ஆனாலும் எதிரே போய் நின்று கேட்டால் நகர்ந்தது திரும்பவும் வருகிறது. 1.30க்குக் கிளம்பினேன்.

மாலை 6.50. சேவூர். அவர் எனக்கு முன்பே வந்து டீ போட்டு வைத்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன், “தப்புதான்,” என்றார். தாரணி சிரித்தாள். திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

7.15க்கு அவர் போன் ஒலித்தது. கம்பெனி குரூப்பில் சூப்பர்வைசர்: ‘அடுத்த வெள்ளி, சனி அவசர ஆர்டர். எல்லோரும் வர வேண்டும். ஓகே போடவும்.’ அதன் கீழே ஓகே, ஓகே என்று வரிசையாக விழ ஆரம்பித்தது. அவர் கட்டைவிரல் பழக்கப்படி போனது. நான் டம்ளரைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரல் பாதியில் நின்றது. இரண்டு தடவை படித்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்து, என்னிடம் நீட்டினார். ‘எனக்கு வெள்ளி முதல் திங்கள் வரை லீவு கொடுத்துவிட்டீர்கள். குடும்பத்தோடு வெளியூர் போகிறேன். வர முடியாது.’

“சரியா கீதா?” என்றார்.

நானும் முழுசாகப் படித்தேன். “அமுக்குங்க,” என்றேன்.

அமுக்கினார். டீ ஆறிக்கொண்டிருந்தது, மூவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு சூப்பர்வைசரிடமிருந்து பதில் வந்தது.

‘ஓகே.’