தைத்த பூதமும் வாப்பாவின் கேள்விகளும்

வாப்பா சவூதியிலிருந்து விடுமுறையில் வந்தால் சொந்தக்காரர் வீடு ஒன்று பாக்கியில்லாமல் போய்த் தலையைக் காட்ட வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும், "வந்தவன் எட்டிக்கூடப் பார்க்கல" என்ற பேச்சு அடுத்த விடுமுறை வரைக்கும் ஓடும். போகிற இடமெல்லாம் சோப்பும் தைலமும் கொடுத்து, டீயைக் குடித்து, அந்த வீட்டுப் பையனுக்கு விசா கேட்பதையும் கேட்டுவிட்டு வருவார். இதிலேயே விடுமுறை தீர்ந்துவிடும்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. தென்காசித் தியேட்டரில் தமிழ் பேசும் இங்கிலீஷ் பேய்ப்படம் ஒன்று ஓடியது. ஒருவன் பிணங்களை வெட்டித் தைத்து உயிர் கொடுத்த பூதம், பாழடைந்த சர்ச்சுக்குள் இரும்புச் சங்கிலியைச் சுழற்றிச் சாத்தான்களை அடிக்கும் படம். வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் பார்த்தாகிவிட்டது. கதையைக் கேட்டுக் கேட்டே எனக்கு மனப்பாடம். வாப்பா "நாளைக்குக் கண்டிப்பா" என்று சொல்லிச் சொல்லியே படத்தின் கடைசி நாளும் வந்தது. வாப்பா ஊரில் இருந்ததும் அதோடு இன்னும் ஒரு நாள்தான்.

அன்றைக்காவது நேராகப் போனோமா? மேலகரத்துப் பெரியம்மா வீடு பாக்கி இருந்ததாம். போனோம், டீ குடித்தோம். "இம்புட்டுத் தூரம் வந்துட்டு அருவியப் பார்க்காமப் போறியாலே?" என்று பெரியப்பா எங்களைக் குற்றாலத்துக்குக் கிளப்பினார். சீசன் கூட்டம். இரண்டு பேருடைய துணிக்கும் காவலாக நான் சாரலில் நின்று வயிறெரிந்தேன். வாப்பா பாலைவனத்துக்கும் சேர்த்துக் குளித்தார்.

தியேட்டருக்குள் நுழைந்தபோது பூதம் சண்டையை ஆரம்பித்திருந்தது. வாப்பா கேள்வியை ஆரம்பித்தார்.

"ஏட்டி, இவன் யாரு?"

"அவன்தான் பூதம்."

"பெத்தது யாரு?"

"பெக்கல வாப்பா, தச்சிருக்காங்க."

"தச்சவன் எங்கன?"

"பயந்து விட்டுட்டு ஓடிட்டான். படத்தைப் பாருங்க."

முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில், சாத்தான்களுக்கு நடுவே ஒளிந்திருந்த, தன்னைத் தைத்த ஆளைப் பூதம் கண்டுபிடித்து, கழுத்தைப் பிடித்துத் தூக்கி, "என்னை உண்டாக்கிவிட்டு ஏன் தனியே விட்டுப் போனாய்?" என்று உறுமியது. வாப்பா சட்டென்று எழுந்து, "முறுக்கு வாங்கிட்டு வாரேன்" என்று வெளியே போய்விட்டார். நல்ல கட்டத்தில்தானா மனுஷருக்குப் பசிக்க வேண்டும்? விளக்குப் போட்டும் ஆள் வரவில்லை.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரோரம் நின்றிருந்தார். முறுக்குப் பொட்டலம் பிரிக்காமல் கையில் இருந்தது.

"முக்கியமான சண்டையே போச்சு, வாப்பா."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "அந்தப் பூதம் அவன மன்னிச்சிச்சாட்டி?" என்றார்.

"இல்ல. கொன்னுடுச்சு."

வீடு வந்து சேரும்வரை வாப்பா வாயே திறக்கவில்லை. ஒருவழியாகக் கேள்வி கேட்பதை நிறுத்தினாரே என்று எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.