உபவாசத்தில் ஏறிய எடை

அன்று காலை உரக்கடையில் அம்மா இருந்தார்கள், நான் இருந்தேன், கடைக்கார வேலு அண்ணன் இருந்தார். அப்பா இல்லை, வாலாஜாபாத் ரைஸ்மில்லுக்கு மூட்டை தூக்கப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த உத்திரமேரூர் பஸ்ஸும் போய்விட்டது. அம்மாவுக்கு மூச்சு இரைத்துக்கொண்டே இருந்தது.

சுனாமிக்கு முந்தின வருஷம் அது. அம்மாவுக்கு இருதயம் பலவீனம். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் கூட்டி வருவதுமாக நாங்கள் ஓய்ந்துபோயிருந்தோம். ஜெபிக்கக்கூடத் தெம்பில்லை. கடைசியாக வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், "தினம் எடை பாத்து எனக்குப் போன் பண்ணு தம்பி. திடீர்னு ஏறினா உடம்புல தண்ணி தங்குதுன்னு அர்த்தம்" என்றார். போனில் என்ன வைத்தியம் என்று அங்கே சிலர் சிரித்தார்களாம். சிஸ்டர் விடவில்லை. தூரத்து நோயாளிகளை இப்படித்தான் கவனித்தார். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். பொறுப்பு என்மேல் விழுந்தது.

தராசும் போனும் உரக்கடையில் இருந்தன. "இன்னாடா, உங்கம்மாவ யூரியா மூட்டைன்னு நெனச்சிக்கினியா?" என்று வேலு அண்ணன் தினமும் கேலி செய்வார்.

அந்த வாரம் பக்கத்து ஊர்ச் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம். அம்மா அங்கேயே தங்கிவிட்டு அன்றுதான் திரும்பினார்கள். தராசில் நிறுத்தினேன். மூன்று கிலோ ஏறியிருந்தது.

"பட்டினி கெடந்து எட ஏறுன ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றார் அண்ணன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் போனை என் பக்கம் தள்ளினார்.

போன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் கிடைக்கவில்லை. "ஆண்டவரே, என்னால முடியல" என்றேன். ஜெபம் அவ்வளவுதான். அடுத்த முறை மணி அடித்தது. அன்று லீவில் இருந்த சிஸ்டர், ஏதோ கையெழுத்துப் போட வார்டுக்கு வந்த இடத்தில் போனை எடுத்தார். உபவாசத்தையும் மூன்று கிலோவையும் சொன்னேன்.

"சாப்பிடாம எப்படிப்பா ஏறும்? நீர் பிரியக் குடுத்த மாத்திரைய போட்டாங்களா?"

அம்மாவிடம் கேட்டேன். "மாத்திரய முழுங்கினா உபவாசம் முறிஞ்சிடாதாடா?"

சிஸ்டர் ரிசீவரை அம்மா காதில் வைக்கச் சொன்னார். "ஆண்டவர் கோச்சுக்க மாட்டாரும்மா. நான்தான் கோச்சுக்குவேன். முழுங்குங்க!"

அந்த இரைப்பிலும் அம்மா சிரித்தார்கள். பையிலிருந்த மாத்திரையை எடுத்து விழுங்கினார்கள்.

பிறகு சிஸ்டர் என்னிடம், "படுக்க வெக்காத. உக்கார வெச்சே கூட்டிட்டு வா. ஊசி ரெடியா இருக்கும்" என்றார்.

வேலு அண்ணன் லோடு வண்டியை எடுத்தார். "ஏறுடா, பேசிக்கினு நிக்காத."

நாங்கள் போனபோது சிஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தார். சாயங்காலத்துக்குள் அம்மாவுக்கு மூச்சிரைப்பு தணிந்தது.

இப்போது எங்கள் சபையில் உபவாசம் அறிவிக்கும்போதே, மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று பாஸ்டர் சொல்கிறார். நாங்கள் இன்னும் தினமும் தராசுக்குப் போகிறோம். அலுப்புதான், ஆனால் பயம் போய்விட்டது. லீவில் இருந்த சிஸ்டரை அந்த நேரத்துக்குப் போன் பக்கத்தில் நிறுத்தியவர் தேவன். சோர்ந்துபோனவர்களே, பெரிய ஜெபம் வரவில்லையென்றால் சின்ன ஜெபம் பண்ணுங்கள். அவருக்கு அது போதும்.

டீசல், ஊசி, போன் எல்லாம் சேர்த்து, அம்மா திரும்பக் கிடைக்க அன்று எங்களுக்கு ஆனது நானூற்று இருபது ரூபாய்.