என் வெப்சைட்டுக்கு வந்த வரன்

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதமே வீட்டில் எனக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. துவாக்குடிப் பக்கம் கொதிகலன் குழாய்கள் செய்யும் ஒரு பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். சாக்பீஸால் நான் ஒரு வட்டம் போட்டால் அந்த இடத்தை அறுத்து மறுபடி பற்றவைக்க வேண்டும்; மறுபேச்சு கிடையாது. அப்படிப்பட்டவனை ஸ்ரீரங்கத்து வீட்டில் கொத்தமல்லி ஆய உட்கார வைத்தார்கள். அதிலும் குறை. வேரோடு போட்டுவிட்டேனாம்.

பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் புலம்பினேன். "சும்மா இருந்தா உங்களுக்குக் கோபம்தான் வரும்ப்பா. ஒரு வெப்சைட் ஆரம்பிங்க. உங்க வாழ்க்கை, வேலை, அனுபவம் எல்லாத்தையும் அதுல போடுங்க. கன்சல்டன்ட் வேலைக்குக் கம்பெனிக்காரங்களே தேடி வருவாங்க" என்றாள். வெப்சைட்டுக்கு வேண்டியதையெல்லாம் அவளே தயார் செய்து கொடுத்தாள். எழுதி ஒட்ட வேண்டியது மட்டும் என் பொறுப்பு.

அதுதான் நடக்கவில்லை. அடுத்தவன் வேலையில் குறை எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 'நான்' என்பதைத் தாண்ட முடியவில்லை. மூன்று நாளாகத் திரையில் அந்த ஒரு சொல்தான் இருந்தது. காபி வைக்க வந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"ஆரம்பம் அப்படித்தான் இருக்கும்."

"என்னைப் பத்தியும் ரெண்டு வரி எழுதுங்க. ரெண்டே ரெண்டு போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு உடனே போகவில்லை. நான் தலையாட்டும் வரை நின்றுவிட்டுத்தான் போனாள்.

நான்காம் நாள் கம்ப்யூட்டரில் மகளின் ஜாதக பயோடேட்டா கண்ணில் பட்டது. அவளுக்கு மாப்பிள்ளை தேடியபோது நானே கட்டம் கட்டி டைப் அடித்தது. ஒரு மனிதரைப் பற்றி ஒரே பக்கத்தில் சொல்ல இதைவிட ஒழுங்கான ஏற்பாடு உலகத்தில் உண்டா? அவள் விவரங்களை அழித்துவிட்டு என்னுடையவற்றை நிரப்பினேன். நட்சத்திரம் விசாகம், ராசி துலாம், உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், நிறம் மாநிறம், குலதெய்வம் இன்னது. கம்பெனிக்காரனுக்கு என் குலதெய்வம் எதற்கு என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அந்தக் கட்டத்தை எடுத்தால் கீழே கோடெல்லாம் கோணலானது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். படிப்பு, வேலை, அனுபவம், சொந்த வீடு. கெட்ட பழக்கம் இல்லை. கடைசிக் கட்டம் எதிர்பார்ப்பு. அதில் மகளுக்கு எழுதியதையே லேசாக மாற்றினேன்: 'நல்ல குடும்பப் பின்னணியுள்ள, கௌரவமான நிறுவனம். வெளியூர் என்றாலும் சம்மதம்.'

போட்டோவுக்கு, மகள் கல்யாணத்தில் பட்டு வேட்டியோடு எடுத்ததில் என்னை மட்டும் வெட்டிப் போட்டேன். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணின் பயோடேட்டாவில் துணைக்கு ஏது கட்டம்? அதனால் என் வெப்சைட்டில் மனைவி என்று ஒருத்தி எங்கேயும் இல்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை. காலையில் என்னோடு நடக்க வருகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு லிங்க்கை அனுப்பிவிட்டு, கம்பெனிகளின் அழைப்புக்காகக் காத்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை போன் வந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். மனைவி எடுத்தாள். 'வெப்சைட்' என்ற சொல் காதில் விழுந்ததும் துண்டோடு ஓடிவந்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜீயபுரத்துலேருந்து பேசறேங்க" என்றது ஒரு தயக்கமான ஆண்குரல். "வாட்ஸ்அப்ல வந்துச்சு, சாரோட வெப்சைட்டைப் பாத்தோம். எங்க அக்காவுக்குத்தாங்க. அம்பத்தாறு வயசு. கூடப் பொறந்தவங்களைக் கரையேத்தறதுலயே அதோட காலம் போயிடுச்சு. இப்பத்தான் கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லியிருக்கு. நட்சத்திரம் நல்லாப் பொருந்துது. நிறுவனம்னு எதிர்பார்க்கறாங்க போல. எங்களுக்கு வாழைக்காய் மண்டி இருக்குங்க. அது பரவாயில்லையா?"

"தாராளமாப் போதும்ங்க" என்றாள் என் மனைவி.

"நீங்க சாருக்கு என்ன வேணுங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அதைத்தாங்க நானும் தேடிட்டிருக்கேன். அந்த வெப்சைட்டுல எங்கேயும் போடலை."

"மன்னிச்சுக்கங்கம்மா" என்று பதறினார் அவர்.

"ஐயோ, நீங்க ஏங்க மன்னிப்புக் கேக்கறீங்க? அக்காவுக்கு நல்ல இடமா அமையும், பாருங்க" என்று ஆறுதல் சொல்லி போனை வைத்தாள்.

தப்பு என் மேல் என்றால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். "இது வேலைக்கான பக்கம். இதுல வீட்டு விஷயத்துக்கு எங்கே இடம்?" என்று கத்தினேன்.

"குலதெய்வத்துக்கு இருக்கே" என்றாள்.

அவள் என் போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, வரிவரியாகப் படித்தாள். "போட்டோ ஓரத்துல என் தோள் கொஞ்சம் ஒட்டிட்டிருக்கு. அதையும் எடுத்துடுங்க. பாக்கறவங்களுக்குக் குழப்பமா இருக்கும்" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சட்டையை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கோடெல்லாம் கோணலானாலும் சரி என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு, 'மனைவி: இல்லத்தரசி' என்று அடித்து, திரையை அவள் பக்கம் திருப்பினேன். பெரிய காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைப்பு.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கும் ஒரு வேலை இருந்துச்சுங்க" என்றாள்.

இருந்தது. கல்யாணமான புதிதில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்கூலில் சயின்ஸ் டீச்சராக இருந்தாள். என்னை ஒடிசாவுக்கு, ஒரு மின்நிலைய வேலைக்கு அனுப்பியபோது விட்டுவிட்டு என்னோடு வந்தாள். நான் மறக்கவில்லை. ஆனால் அதை நினைத்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"எத்தனை வருஷம் பாத்தே?"

"ஆறு வருஷம், நாலு மாசம்."

யோசிக்கவே இல்லை. நான் டைப் அடித்தேன். அடித்துக்கொண்டே, "கடைசியா எந்த கிளாஸ் எடுத்தே?" என்று கேட்டேன்.

"ஏழாம் வகுப்பு பி பிரிவு. ஒளிச்சேர்க்கை நடத்திட்டிருந்தேன். இலையில அயோடின் விட்டா நீலமா மாறும், நாளைக்குச் செஞ்சு காட்டறேன், ஆளுக்கு ஒரு இலை பறிச்சுட்டு வாங்கன்னு சொல்லிட்டு வந்தேன். சாயங்காலம் நீங்க ரெண்டு டிக்கெட்டோட வந்தீங்க, விடிஞ்சா ரயில்னு."

என் விரல் நின்றுவிட்டது. அவள் திரையைப் பார்க்கவில்லை.

"பறிச்சுட்டு வந்திருப்பாங்க, பிள்ளைங்க" என்றாள்.