உப்புத் தண்ணீரில் விழுந்த வாலட்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு செல்ஃபிக்கு ஆசைப்பட்டேன். அதில் என் தோழியின் பல மாத உழைப்பு தண்ணீரோடு போயிருக்கும்... இப்போது நினைத்தாலும் படபடக்கிறது!

மரக்காணத்தில் இருக்கிறாள் ஜெசிந்தா. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். கணவர் அந்தோணி, குத்தகைக்கு உப்பளம் எடுத்து நடத்துகிறார். அன்று காலை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு என்னை உப்பளம் பார்க்க அழைத்துப் போனாள். இரண்டு பக்கமும் பாத்திகள், நடுவில் ஒல்லியாக ஒரு வரப்பு, கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. சும்மா இருக்க முடியுமா?

“ஜெசி, உன் போன்லயே ஒண்ணு எடேன். என் கேமரா ரொம்ப சுமார்” என்றேன்.

கையை நீட்டினாள். கால் வழுக்கியது. அவளை நான் பிடித்துவிட்டேன். போனை யார் பிடிப்பது?

கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால், அத்தனையும் உப்பு! எடுத்துத் துடைத்தோம். திரை ஒருமுறை மின்னியது, அணைந்தது. அவ்வளவுதான்.

“விடு ஜெசி, புது போன் நான் வாங்கித் தர்றேன்.”

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. “போன் போனா போவுதுக்கா. என் வாலட்டு அதுக்குள்ளதான் இருக்குது.”

விஷயம் இதுதான். வெளிநாட்டுப் பதிப்பாளர் ஒருவர் அவளுக்குக் கூலியை கிரிப்டோவில், அதாவது இணையத்தில் மட்டுமே புழங்கும் பணத்தில், அனுப்புகிறார். அதை வாங்க, வைக்க, அனுப்ப போனில் ஓர் ஆப். அதற்குப் பெயர்தான் வாலட். ஒரு முழுப் புத்தகத்துக்கு வரைந்த உழைப்பு அதில் இருந்தது. மாடியில் தனக்கென்று ஓர் அறை போட்டு, அங்கே உட்கார்ந்து வரைய வேண்டும் என்பது அவள் கனவு. இப்போது யாரிடம் போய் அழுவது? இந்த வாலட்டுக்குக் கிளையும் கிடையாது, மேனேஜரும் கிடையாது!

சத்தம் கேட்டு ஓடி வந்த அந்தோணி, நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் தன் போனில் ஏதோ ஒரு கிரிப்டோ குரூப்பில் உதவி கேட்டுவிட்டார். இரண்டே நிமிடத்தில் பதில். ‘கஸ்டமர் கேர்’ என்று பெயர், டை கட்டிய போட்டோ.

“ஜெசி, கம்பெனிக்காரனே லைன்ல வந்துட்டான்! ஏதோ பன்னெண்டு வார்த்தை கேக்குறான். சொல்லு, டைப் பண்ணிடுறேன்.”

“ஐயோ, அனுப்பாதீங்க! அதைக் குடுத்தா மொத்தத்தையும் சுருட்டிடுவான்!”

பாய்ந்து போனைப் பிடுங்கினாள். பிடுங்கியவள் அப்படியே நின்றாள்.

“பன்னெண்டு வார்த்தை... எழுதி வெச்சிருக்கேன்க்கா! வீட்ல இருக்குது!”

ஒரே பைக்கில் மூன்று பேர் — போக்குவரத்துக் காவலர்கள் மன்னிக்க வேண்டும் — பறந்தோம். வழியெல்லாம் கத்திக்கத்தி எனக்குப் பாடம் எடுத்தாள். வாலட்டைத் தொடங்கும்போதே அது பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளைத் தருமாம். வரிசை மாறாமல் எழுதி வைக்க வேண்டும். போன் தொலைந்தால், வேறு போனில் அதே வார்த்தைகளைப் போட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும். ஏனென்றால் பணம் போனிலேயே இல்லை. போனில் இருப்பது சாவி மட்டும்தான்!

வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது அந்தக் காகிதம். எடுத்தாள். “மாதாவே!” என்றாள். வலது ஓரம் முழுக்கப் பூச்சி அரித்திருந்தது. இரண்டு வார்த்தைகளுக்கு வால் இல்லை.

அந்தோணி தரையில் உட்கார்ந்துவிட்டார். “போச்சு. பூச்சி தின்னுடுச்சு.”

ஜெசிந்தா விடவில்லை. அவர் போனில் அதே ஆப்பை இறக்கினாள். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க... கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.”

திரும்பிக்கொண்டேன். சுவரைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஐந்து வார்த்தைகள் போயின. ஆறாவதில் விரல் நின்றது.

“நாலு எழுத்துதான் இருக்குது. சரி, அதையாவது போடுறேன்... ஏங்க! மீதியை அதுவே போட்டுக்குச்சு!”

பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த வார்த்தைப் பட்டியலில் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்கும் இரண்டு வார்த்தைகளே கிடையாதாம். நாலு எழுத்து மிஞ்சினால் வார்த்தை பிழைத்துவிடும்! இப்படி யோசித்த மகராசன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பன்னிரண்டாவதும் அப்படியே பிழைத்தது. ஒரு நொடி... இரண்டு நொடி... “வந்துடுச்சுக்கா!”

மூன்று பேரும் குதித்தோம். அந்தோணி அடித்த விசிலில், “யாருக்குக் குழந்தை பொறந்திருக்குது?” என்று பக்கத்து வீட்டு லூர்துமேரி எட்டிப் பார்த்தார்.

கையோடு வார்த்தைகளை இரண்டு காகிதங்களில் எழுதி, உறை போட்டு ஒட்டினாள் ஜெசிந்தா. ஒன்று பீரோவுக்கு, இன்னொன்று பொம்மையார்பாளையத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு.

“எதுக்கு இவ்ளோ கஷ்டம்? ஒரு போட்டோ எடுத்து நம்ம ஃபேமிலி குரூப்ல போட்டு வெச்சா ஆச்சு” என்றார் அந்தோணி.

“வேணாம்!” — இருவரும் ஒரே குரலில் அலறினோம்.

பணம் தொலைந்தால் திட்டுவதற்கு எப்போதும் ஒரு மேனேஜர் வேண்டும் நமக்கு. இங்கே நாமேதான் மேனேஜர், நாமேதான் வாட்ச்மேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால், என்ன ஒரு கெத்து!

வீடு திரும்பியதும் முதல் வேலையாக, சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்திருந்த என் ஏடிஎம் பின் நம்பரைக் கிறுக்கி அழித்தேன். மறந்துவிடக் கூடாதே என்று, பக்கத்தில் ‘ஏடிஎம்’ என்று வேறு எழுதியிருந்தேன்!